மூட்டை தூக்குவோரின் இடுப்புவலி: தொழிலை விடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேட்டவர் தம் தம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தம்பிக்கு வயது 36. மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மண்டியில் பல ஆண்டுகளாகச் சுமைப்பணி பார்க்கிறார். கிட்டங்கியின் மூலையில் தரையோடு கிடந்த சீனி மூட்டையைத் தூக்கித் திரும்பும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று வாரமாகியும் வலி விடவில்லை. இடப்பக்கம் பிட்டம் வரை இறங்குகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இனி மூட்டையைத் தொடவே கூடாது என்கிறார் ஒருவர். பெல்ட் கட்டிக்கொண்டு தூக்கலாம் என்கிறார் இன்னொருவர். முழங்காலை மடக்கித் தூக்கத் தெரியாததால் வந்த வினை என்கிறார் மண்டி முதலாளி. இவற்றில் எதைக் கேட்பது என்பதே கேள்வி.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் தம்பி தொழிலை விட வேண்டிய நிலை இப்போது தெரியவில்லை. பெல்ட் அவரைக் காக்காது. முதலாளி சொல்லும் காரணத்தில் ஓரளவு உண்மை இருந்தாலும், அது பழி முழுவதையும் தூக்கியவரின் முதுகின்மேல் ஏற்றிவிடுகிறது. மூட்டை ஏன் அந்த மூலையில் தரையோடு கிடந்தது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. என் பதிலில் பெரும்பகுதி அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

முதலில் ஆபத்தான அறிகுறிகளை விலக்கிக்கொள்ள வேண்டும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது சிறுநீரோ மலமோ தம்மை அறியாமல் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரு கால்களும் பலமிழப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராமல் அன்றே கோரிப்பாளையம் அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். வால்பகுதி நரம்புக் கற்றை நசுங்கும்போது மணிக்கணக்கு முக்கியமாகிறது. நடக்கும்போது ஒரு பாதம் தொங்கித் தரையைத் தட்டினாலும் தாமதிக்கக் கூடாது. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவை சேர்ந்திருந்தால் முதுகெலும்புக் காசநோயையும் நினைக்க வேண்டும். நம் ஊரில் அது இன்னும் அரிதாகிவிடவில்லை. விலாவின் பின்புறத்திலிருந்து அடிவயிற்றை நோக்கி அலையலையாக வரும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். வெயிலில் வியர்த்து உழைத்துத் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு அது எளிதில் வரும். உங்கள் தம்பிக்கு இவை எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பார்த்து வீடே கலங்கிப் போயிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இடுப்புவலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளிவந்தது. வலியே இல்லாத முப்பது வயதுக்காரர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கும், நாற்பது வயதுக்காரர்களில் பாதிப்பேருக்கும் ஜவ்வு பிதுங்கல் இருந்தது. ஆகவே உங்கள் தம்பியின் படத்தில் தெரிவது அன்றைய சீனி மூட்டையால் வந்ததா, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்ததா என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பின்லாந்தில் இரட்டையர்களை வைத்து நடந்த நீண்டகால ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: ஒருவர் வாழ்நாளெல்லாம் சுமை தூக்கி, மற்றவர் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்திருந்தாலும் இரட்டையர்களின் ஜவ்வுத் தேய்மானம் பெருமளவு ஒத்திருந்தது, பரம்பரைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. சுமை தூக்குவதால் வலி வருவதில்லை என்று இதற்குப் பொருளல்ல. வலி வரும், அடிக்கடியும் வரும். ஆனால் தூக்கிய ஒவ்வொரு மூட்டையும் முதுகெலும்பைத் தேய்த்துத் தீர்த்துவிட்டது என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. பெரிதாகப் பிதுங்கி வெளியே வந்த ஜவ்வுகூடப் பல மாதங்களில் தானாகவே சுருங்கி உள்வாங்குவதை மறு எம்.ஆர்.ஐ. படங்களில் பார்க்க முடிகிறது.

ஓய்வு பற்றி: மூன்று வாரமாகக் கட்டிலில் படுத்திருக்கிறார் என்றால் அதை இன்றே நிறுத்துங்கள். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நடந்து 1995இல் வெளியான ஆய்வில், படுக்கை ஓய்வு எடுத்தவர்களையும் முதுகுக்கென்று தனிப் பயிற்சி செய்தவர்களையும் விட, வலி அனுமதித்த அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவாகத் தேறினார்கள். தாங்க முடியாத வலியில் ஓரிரு நாள் படுப்பதில் தவறில்லை. அதற்குமேல் படுத்தால் தசை தளர்கிறது, மூட்டுகள் இறுகுகின்றன, மனமும் சோர்கிறது. தெருமுனை வரை நடந்து திரும்புவதில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகட்டும். வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். சுளுக்கு எடுப்பவரிடம் மிதிக்கக் கொடுப்பதை, வலி காலுக்கு இறங்கும் நிலையில் நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

மருந்தைப் பொறுத்தவரை, புதிதாக வந்த இடுப்புவலிக்குப் பாராசிட்டமால், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை என்று 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. டைக்ளோபினாக் போன்ற அழற்சி தணிக்கும் மருந்துகள் சிலருக்குச் சில நாள் உதவும். ஆனால் பக்கத்து கிளினிக்கில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு அன்றிரவே லோடு இறக்கப் போவது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. வெறும் வயிற்றில் அந்த மருந்து குடற்புண்ணைக் கொண்டுவரும். வியர்த்து நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சித்திரை வெயிலில் லாரி மேல் நின்று உழைக்கும் ஒருவர் வாரக்கணக்கில் அதைச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது அவருடைய இடுப்பைவிட அவருடைய சிறுநீரகத்தைப் பற்றியே எனக்குக் கவலை அதிகமாகிறது.

பெல்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் புதிதாகத் திறக்கப்பட்ட 160 பேரங்காடிகளில், சரக்குகளைக் கையாளும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் இடையே இடுப்புவலியில் வேறுபாடு காணப்படவில்லை. வலி இருக்கும் சில நாட்களில் நடமாடுவதற்குத் தைரியம் தருகிறது என்றால் கட்டிக்கொள்ளட்டும். பெல்ட் இருக்கிறதே என்று கூடுதல் எடையைத் தூக்கக் கூடாது.

இனி முழங்காலை மடக்குவது. முதுகை நேராக வை, காலை மடக்கித் தூக்கு என்று சுவரொட்டிகளில் எழுதியிருப்பதை எல்லோரும் படித்திருக்கிறோம். தூக்கும் முறையைக் கற்றுக்கொடுத்து, அதனால் இடுப்புவலி குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளை 2008லும் 2011லும் தொகுத்து ஆராய்ந்தார்கள்; பயிற்சி மட்டும் கொடுத்த இடங்களில் வலி குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஐம்பது கிலோ சாக்கு இரண்டு முழங்கால்களுக்கு இடையே அடங்காது. காலை மடக்கி உட்கார்ந்தால் சாக்கு முழங்காலுக்கு முன்னால் தள்ளிப்போகிறது; அதை எட்டிப் பிடித்துத் தூக்குகையில் சுமை உடலிலிருந்து முன்பைவிட அதிகத் தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவுதான் இடுப்புக்கு எமன்.

இதைக் கணக்கில் பார்ப்பது நல்லது. இடுப்பை நிமிர்த்தும் தசைகள் முதுகெலும்பின் அச்சிலிருந்து ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கின்றன. முன்னால் ஐம்பது சென்டிமீட்டர் தள்ளி ஒரு 15 கிலோ எண்ணெய் டின்னைப் பிடித்தால், தூக்குக்கோலின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இழுப்பதைப் போல, தசை அதற்குப் பத்து மடங்காக, அதாவது ஏறத்தாழ 150 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. குனிந்திருக்கும் உடலின் எடையைத் தாங்குவது இதற்கு மேல். அந்த இழுப்பு முழுவதும் ஜவ்வின் மேல் அழுத்தமாக விழுகிறது. அதே டின்னை வயிற்றோடு அணைத்து 25 சென்டிமீட்டரில் பிடித்தால் சுமைக்கான இழுப்பு பாதியாகிவிடுகிறது. ஆக, காலை மடக்கினாரா, இடுப்பை வளைத்தாரா என்பதைவிடச் சுமை உடலிலிருந்து எவ்வளவு தள்ளியிருந்தது என்பதே பெரிய கேள்வி.

அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ், இரு கைகளால் தூக்கும் சுமைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1981இல் வெளியிட்டு, 1991இல் திருத்தியது. எல்லாம் சாதகமாக அமைந்தால், அதாவது சுமை உடலோடு ஒட்டி, முக்கால் மீட்டர் உயரத்தில், நல்ல கைப்பிடியோடு, திரும்பாமல், எப்போதாவது ஒருமுறை தூக்கும்படி இருந்தால், பெரும்பாலோருக்குப் பாதுகாப்பான எடை 23 கிலோ. ஒவ்வொரு பாதகத்துக்கும் அதிலிருந்து குறைத்துக்கொண்டே வர வேண்டும். உங்கள் தம்பி தூக்கிய மூட்டையை அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். உடலிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, இடுப்பளவு தூக்க வேண்டும், சாக்குக்குக் கைப்பிடி இல்லை என்று கொண்டால், திரும்பியதைச் சேர்க்காமலேயே பரிந்துரைக்கும் எடை 10 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அங்கே கிடந்தது 50 கிலோ. எந்த முழங்காலை எப்படி மடக்கினாலும் அந்த ஐந்து மடங்கு போய்விடாது.

இந்தக் கணக்கை முதுகில் வைத்துச் சுமப்பதற்குப் பொருத்தக் கூடாது. அதில் நம் மண்டித் தொழிலாளர்களின் பழைய முறையைப் பாராட்ட வேண்டும். லாரியின் மேல் நிற்கும் இருவர் மூட்டையைப் பிடித்து, கீழே முதுகைத் திருப்பி நிற்பவரின் பிடரிக்கும் தோளுக்கும் கீழே சாய்த்து வைக்கிறார்கள். சுமை உயரத்திலிருந்தே உடலோடு ஒட்டி இறங்குகிறது. சுமப்பவர் குனிந்து நிமிர வேண்டியதில்லை. சுமை முதுகெலும்புக்கு நேர் மேலேயே நிற்கிறது. தலைச்சுமைக்குச் சும்மாடு வைத்து இன்னொருவர் தூக்கிவிடுவதும் இதே அறிவுதான். கழுத்துக்கும் முழங்காலுக்கும் அதனால் வேறு சிரமங்கள் உண்டு என்றாலும், இடுப்பைப் பொறுத்தவரை இந்தக் கட்டம் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கும் அளவுக்குக் கொடுமையானதல்ல. தொல்லை வருவது ஓரங்களில்: லாரியில் கடைசி அடுக்கு தரையோடு மிஞ்சும்போது, கிட்டங்கியில் மூட்டையை உடம்பைத் திருகி அட்டியில் எறியும்போது, ஆள் குறைந்து தனியாகத் தரையிலிருந்து தூக்கும்போது. உங்கள் தம்பிக்கு நேர்ந்தது மூன்றாவது வகை, கடைசியில் ஒரு திருகலோடு.

நேரத்துக்கும் இதில் பங்கு உண்டு. படுத்துத் தூங்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்புகிறது. எழுந்தவுடன் குனிந்தால் வழக்கத்தைவிட அதிக விசை அதன் வெளிவளையத்தில் விழுகிறது. நாள் முழுவதிலும் நம் உயரம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது என்றால், அதில் பாதி எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். அந்த நீர் வெளியேறிய பிறகே ஜவ்வு வளைந்துகொடுக்கும். நாள்பட்ட இடுப்புவலி உள்ளவர்கள் காலையில் எழுந்தவுடன் குனிவதைத் தவிர்த்தாலே வலி குறைந்ததாக 1998இல் ஓர் ஆய்வு வந்தது. கீழமாசி வீதியிலும் மாட்டுத்தாவணிச் சந்தையிலும் சரக்கு வந்து இறங்குவது பெரும்பாலும் இரவிலும் விடியலிலும். லாரி வரும்வரை சாக்கின் மேல் படுத்துக் கண்ணயர்ந்தவர், ஹாரன் சத்தம் கேட்டவுடன் எழுந்து முதல் மூட்டையைப் பிடிக்கிறார். சங்கடமான நேரம் அதுதான். எழுந்து டீ குடித்து, ஒரு நடை நடந்து, முதலில் இடுப்புயரத்தில் இருக்கும் மூட்டைகளை இறக்கிவிட்டு, தரையோடு கிடப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ பல மணி நேரம் குலுங்கி உட்கார்ந்து வந்த ஓட்டுநர், இறங்கியவுடன் சரக்கில் கைவைப்பதும் இதைப் போன்றதே: நெடுநேரம் வளைந்திருந்த இடுப்பின் தசைநார்கள் தளர்ந்திருக்கும், பத்து நிமிடமாவது நிமிர்ந்து நடந்த பிறகு கைவைக்கட்டும்.

முதலாளியிடம் பேச வேண்டியது இவற்றைத்தான். கிட்டங்கித் தரையில் மூட்டை நேராகக் கிடக்கக் கூடாது. மரப்பலகைத் தட்டுகளை இரண்டு மூன்றாக அடுக்கி, அதன் மேல் மூட்டை வைத்தாலே முழங்கால் உயரம் கிடைத்துவிடும். அதிகம் விற்கும் சரக்கும் கனமான சரக்கும் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். கடலை மிட்டாய்ப் பெட்டி மேலே போகட்டும். சிறிய சக்கர டிராலி ஒன்று, மூட்டை ஏறும் வாசற்படிக்கு ஒரு சரிவுப் பலகை, தரையோடு கிடப்பதைத் தூக்க எப்போதும் இரண்டு ஆள். அண்ணே, ஒரு கை பிடிங்க என்று கேட்பது கையாலாகாத்தனம் என்ற நினைப்பு இளவட்டங்களிடம் இருக்கிறது. அதை மேஸ்திரி ஒருவர்தான் மாற்ற முடியும். மருத்துவர் சொல்லி மாறாது. கூலி மூட்டைக்கு இவ்வளவு என்று இருக்கும்வரை அவசரமும் இருக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் பிடித்தால் கூலி பாதியாகிறது என்றால் யாரும் இரண்டாவது ஆளைக் கூப்பிட மாட்டார்கள். தரையடுக்குக்குத் தனிக் கூலி பேசிக்கொள்வது, எத்தனை சுவரொட்டி ஒட்டுவதையும்விட இடுப்பைக் காக்கும்.

எடையையே குறைக்க முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. உலகத் தொழிலாளர் அமைப்பு 1967இல் வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. நம் நாட்டில் 100 கிலோ கோணிகள் போய் 50 கிலோ வந்தன. யூரியா மூட்டை 2018இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவானது. அரிசிச் சிப்பம் 25 கிலோவானது. (2022 ஜூலையில் 25 கிலோ வரையான பொட்டலங்களுக்கு வரி வந்ததும் 26 கிலோ சிப்பம் கடைகளில் முளைத்ததைப் பார்த்தால், எடையை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்பது விளங்கும்.) சிமெண்டும் சீனியும் இன்னும் 50 கிலோவில் நிற்கின்றன. காயம் விளைவிக்கக்கூடிய எடையை யாரையும் தூக்கச் செய்யக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னது. மண்டி தொழிற்சாலை ஆகாது என்பதால் அது அங்கே எட்டவில்லை. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழி வந்த நல வாரியத்தில் சுமைப்பணியாளர்கள் பதிவு செய்துகொள்ளலாம். அது மூட்டையின் எடையைக் குறைக்காது. விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு வழி செய்யும். தம்பி பதிவு செய்திருக்கிறாரா, பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறுவை சிகிச்சை வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிட்டம் வரை மட்டுமே இறங்கும் வலிக்கு, கால் பலமிழக்காத நிலையில், மூன்றாவது வாரத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையான கால்வலியால் துன்பப்பட்டவர்களை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் அதே நிலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

வேலைக்குத் திரும்புவதைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். அரை மணி நேரம் விடாமல் நடக்க முடிந்த பிறகு, குந்தி எழுதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், இடுப்பெலும்பு மூட்டில் மடங்கி நிமிர்தல் ஆகிய பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் கற்றுக்கொள்ளட்டும். அரசு மருத்துவமனையிலேயே இயன்முறைப் பிரிவு உண்டு, செலவில்லை. மண்டிக்குப் போனதும் முதல் வாரம் எழுத்து வேலை, எடை போடுதல், டிராலி தள்ளுதல். அடுத்து இடுப்புயரத்திலிருந்து இடுப்புயரத்துக்கு 15 கிலோ டின். அது பழகியபின் 25 கிலோ அரிசிச் சிப்பம். அதன் பிறகே ஐம்பது கிலோவை, பிறர் முதுகில் ஏற்றிவிட, சுமந்து போவது. தரையிலிருந்து தூக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. அதுவும் இரண்டு ஆளாக. பொதுவாக ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகலாம். அந்தக் காலத்துக்கு அரைக் கூலியாவது கொடுத்து வைத்துக்கொள்வது, பழகிய ஆளை இழந்து புதியவரைத் தேடுவதைவிட முதலாளிக்கும் லாபம்தான்.

இந்தப் படிகளில் எப்போது மேலே போவது, எப்போது நிற்பது என்பதற்குத் தம்பி இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். வேலை செய்யும்போது இடுப்பில் கொஞ்சம் வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்தச் சுமை ஏற்றதே. வலியே இல்லாத நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மறுநாள் கூடியிருந்தால் ஒரு படி இறங்கி, நான்கைந்து நாள் அங்கேயே நிற்கட்டும். இரண்டாவது, வலி எந்தத் திசையில் நகர்கிறது என்பது. பிட்டத்திலிருந்து விலகி இடுப்பின் நடுவுக்குச் சுருங்கி வந்தால், அங்கே சற்றுக் கூடுதலாகவே வலித்தாலும், அது தேறும் அறிகுறி. தொடையைத் தாண்டிக் கெண்டைக்கால், பாதம் என்று இறங்கிக்கொண்டே போனால் மூட்டையை வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்கட்டும்.